வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு

எங்கள் கடையில் காபிக்குக் காசு வாங்குவதில்லை. பதினாறு வருடமாக அதைப் போடுகிறவன் நான்தான். காலை எட்டுக்கு ஒரு ஜாடி, பத்தரைக்கு ஒரு ஜாடி. ஆறிப்போனால் யோசிக்காமல் கொட்டிவிடுவேன். முதல் தடவையாகத் துப்பாக்கி வாங்க வருகிறவர்களுக்கு வாசலில் கால் வைக்கும்போதே ஒரு கூச்சம் இருக்கும். கையில் சூடாக ஒரு கோப்பையைக் கொடுத்தால் அது கொஞ்சம் விலகும். அப்புறம் தானாகப் பேசுவார்கள்.

திரு. பிரிக்ஸ், போன வாரம் விசாரணைக்கு வந்தபோது நீங்களும் அந்தக் காபியைக் குடித்தீர்கள். பிளாஸ்டிக் பைக்குள் போட்ட, கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே டப்பா ஒன்றைக் கவுன்ட்டரில் வைத்து, "இது உங்க கடைச் சரக்குதானா?" என்று கேட்டீர்கள். கோரின் வாஸ் சுடப்பட்டுக் கிடந்த சமையலறையில் எடுத்தது என்று நீங்கள் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததைச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆமாம், எங்களுடையதுதான் என்றேன். பிறகு அவர் கைத்துப்பாக்கி வாங்க நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டீர்கள். எடுத்துக் கொடுத்தேன். "பாவம், பணத்தையும் கட்டிட்டு, சாமானை எடுக்க வராமலே போயிட்டாங்க," என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

கேட்ட இரண்டு கேள்விக்கும் உண்மையைத்தான் சொன்னேன். நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சுட்டவன் அவர் கணவன் டெரில்தான், அவன் உங்கள் லாக்கப்பில் இருக்கிறான், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. இது என்னைப் பற்றியது.

என் பெயர் வெண்டல் ஆம்டால். நோரீன் அம்மாவின் கடையில் துப்பாக்கிப் பகுதி முழுவதும் என் பொறுப்பு. மற்ற பகுதிகளில் பூட்ஸும் தூண்டிலும் கூடாரமும் விற்கிறார்கள். பக்கத்து ஊர்களிலிருந்துகூடப் பெண்கள் என்னைக் கேட்டு வருவார்கள். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெண் உள்ளே வந்தால், மற்ற கடைகளில் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற ஆள் கூடவந்த ஆணைப் பார்த்துப் பேசுவான், அல்லது கைக்கு அடக்கமாக ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டுவான். குட்டித் துப்பாக்கி சுடும்போது அதிகமாக உதைக்கும், ஒரு தடவை சுட்டவர் மறுபடி தொடமாட்டார். நான் முதலில் கையைப் பார்ப்பேன். விரல் விசைக்கு எட்டுகிறதா, மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்கப் பலம் இருக்கிறதா, எதற்காக வேண்டும், வீட்டில் குழந்தை உண்டா என்று கேட்பேன். மூன்று எடுத்துக் காட்டுவேன். விலை குறைந்ததே சரியாக இருந்தால் அதையே சொல்வேன். ரசீதின் அடியில், 'நன்றி, வெண்டல்' என்று கையால் எழுதுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு ரசீது ஒரு பிணத்தின் சட்டைப் பையில் இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பதினோரு மணிக்கு என்னிடம் ரிவால்வர் வாங்கினார், இரண்டு மணிக்கு ஆற்றோரம் தன் வண்டிக்குள் சுட்டுக்கொண்டார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் காலைக் காபிக்கு வழக்கமாக வருகிறவர்கள் ஒரு மாதம் வேறு எங்கோ போய்க் குடித்தார்கள். நான் வழக்கம்போல ஜாடி நிறையப் போட்டுவிட்டு வழக்கம்போலக் கொட்டினேன்.

வந்தவன் டெரில் ஒருவன்தான். பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் தொழில் அவனுக்கு, கை எப்போதும் கிரீஸாக இருக்கும். கடைசி ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, "உன் மேல என்ன தப்பு? நீ என்ன ஜோசியக்காரனா?" என்றான். மறுநாளும் வந்தான். அந்த மாதம் முழுவதும் வந்தான். அதை நான் மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண்மணி வந்து எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார். சாக நினைத்து வருகிறவரை எப்படிக் கண்டுகொள்வது என்று. எந்தத் துப்பாக்கி என்பதில் அக்கறை இருக்காது, துடைப்பது பராமரிப்பது பற்றிக் கேட்கமாட்டார், ஒரு பெட்டி தோட்டா போதும் என்பார், அவசரப்படுவார். சந்தேகம் வந்தால் விற்க வேண்டாம், ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போடுங்கள், இரண்டு நாள் தாண்டினால் பலர் மனம் மாறிவிடுவார்கள் என்றார். அந்தத் தாளை நான் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், எல்க் மான் வேட்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், டெரில் காபியைக் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கோரின் வீட்ட விட்டுப் போயிட்டா, வெண்டல். அவ தங்கச்சி வீட்டுல போய் உக்காந்திருக்கா."

"கொஞ்ச நாள்ல சரியாயிடும்ப்பா."

"அவளுக்கு மனசு சரியில்ல. தன்னையே ஏதாவது பண்ணிக்குவாளோன்னு பயமா இருக்கு. அவ இங்க வந்தா துப்பாக்கி குடுத்துடாத. எனக்கு ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்றேன்."

"இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான் மனுஷன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கோரின் வந்தார். கடையில் கூட்டம் இல்லை. காபி கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது, வெண்டல். நீங்க சிரிக்கக் கூடாது."

"தெரியாதவங்க வந்தாத்தான் எனக்கு வேலை. தெரிஞ்சவங்க வந்தா எனக்கே பாடம் எடுத்துட்டுப் போயிடறாங்க."

சிரித்தார். கண்ணாடிக்குள் இருந்த ரோஸ் நிறத் துப்பாக்கியைக் காட்டி, "இதெல்லாம் யாருங்க வாங்கறா?" என்றார்.

"பொம்பளைங்க வாங்க மாட்டாங்க. புருஷங்க வாங்கிக் குடுப்பாங்க."

மறுபடி சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முதலில் கொடுத்தது விரலுக்கு எட்டவில்லை. இரண்டாவதை இழுக்க முடியவில்லை. மூன்றாவது பொருந்தியது. பிடியின் பின்பக்கத்தை மாற்றிப் போட்டு, கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டினேன். நீட்டிப் பிடித்தபோது கை நடுங்கவில்லை. "என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு," என்றார். எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்று கேட்டார். தங்கைக்கு நாலு வயதில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் கைக்குப் போகாதபடி பூட்டுப் பெட்டி வேண்டும் என்றார். சனிக்கிழமை நடக்கும் சுடும் பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இங்க வந்தது டெரிலுக்குத் தெரிய வேண்டாம்," என்றார்.

"கடைக்கு வர்றவங்க விஷயம் கடையோட சரி," என்றேன். அதை நான் எல்லாரிடமும் சொல்வதுதான்.

படிவத்தை நிரப்பினார். வாங்குகிறவர் மேல் குற்றப் பதிவு உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனைக்கு நான் அதைக் கணினியில் அனுப்பினேன். திரை என் பக்கம் பார்த்து இருக்கும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அவர் பூட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நாலு நிமிடத்தில் பதில் வந்தது.

"கோரின், தாமதம்னு வந்திருக்கு," என்றேன்.

"தாமதம்னா? நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. உங்க பேர் யார் பேரோடயாவது ஒத்துப் போயிருக்கும். மூணு வேலை நாள் பொறுக்கணும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்க, கையோட எடுத்துட்டுப் போயிடலாம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "காலேஜ்ல படிக்கும்போது ஒரு தடவ செக் ஒண்ணு திரும்பி வந்துடுச்சு. அதுவா இருக்குமோ?" என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, எல்லாருக்கும் வருவதுதான் என்று தேற்றினேன். கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

"வெள்ளி வரைக்கும் நான் என்ன பண்றது?"

கரடி ஸ்ப்ரே அடுக்கிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். காசு வேண்டாம், கடைக் கணக்கில் போகட்டும் என்றேன். அவர் கண் கலங்கியது. "நீங்க ரொம்ப நல்லவரு," என்றார்.

அவர் வண்டி கிளம்பியதும் டெரிலுக்கு ஃபோன் செய்தேன். கடை ஃபோனிலிருந்துதான். அந்த அழைப்பை நீங்கள் பட்டியலில் பார்த்திருப்பீர்கள், ஒன்றும் தோன்றியிருக்காது. சொன்ன சாமான் வந்துவிட்டது, ரைஃபிளுக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் மாட்டியாகிவிட்டது என்று ஆளுக்கு ஆள் ஃபோன் செய்து சொல்வது எங்கள் கடையின் நல்ல பழக்கம்.

"வந்தாங்கப்பா. நான் குடுக்கல. வெள்ளிக்குத் தள்ளிட்டேன்."

"வெள்ளியா?"

"வெள்ளி பத்து மணிக்கு. அதுக்குள்ள நீ போய் நல்லபடியா பேசு. ஒரு டாக்டரைப் பாருங்க."

"அதுவரைக்கும் அவ கையில ஒண்ணும் இல்லையா?"

"கரடி ஸ்ப்ரே குடுத்து அனுப்பிருக்கேன். கரடியாட்டம் உறுமிக்கிட்டுப் போய் நிக்காத, மூஞ்சில அடிச்சிடப் போறாங்க."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு, "வெள்ளிதானே?" என்று இன்னொரு தடவை கேட்டான். அவர் எப்படி இருந்தார், அழுதாரா, சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அப்போதே என் காதில் உறுத்தியது. ஃபோனை வைத்துவிட்டுப் பத்தரை மணி ஜாடியைக் கழுவப் போனேன், அன்றைக்குக் கொஞ்சம் நேரம் கழித்து.

செவ்வாய்க்கிழமை அவன் தன் ரைஃபிளை எடுத்துக்கொண்டு வந்தான். எங்களிடம் வாங்கிய துப்பாக்கியை ஆயுள் முழுவதும் இலவசமாகத் துடைத்துக் கொடுப்போம். வேட்டைக் காலத்துக்கு முன் பாதி ஊர் அப்படி வரும். குழலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஸ்கோப்பின் திருகை இறுக்கிக் கொடுத்தேன். விசை கொஞ்சம் கனமாக இருப்பதாகச் சொன்னான், அதையும் சரிசெய்தேன். எனக்கு அரை மணி பிடித்தது. அவன் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்து அன்றைக்கு இரண்டு கோப்பை காபி குடித்தான்.

புதன்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு, தங்கை மருத்துவமனை வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அந்த ரைஃபிளோடுதான் அந்த வீட்டுக்குப் போனான். மிச்சம் உங்களுக்குத் தெரியும். குழந்தை பக்கத்து வீட்டில் இருந்தது என்று கேள்விப்பட்டபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கோரினின் துப்பாக்கிப் பெட்டியைப் பெட்டகத்திலிருந்து எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தேன். பக்கத்தில் பூட்டுப் பெட்டியையும் வைத்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நோரீன் அம்மா அதைப் பார்த்துவிட்டு அழுதார். "உன்ன மாதிரி யாரு இருக்கா வெண்டல்," என்று என் தோளைத் தொட்டார். அவர் கையை நான் தட்டிவிடவில்லை. இந்த விஷயத்தில் நினைக்கும்போதெல்லாம் கூசுவது அதுதான், அந்தக் கை அங்கே அவ்வளவு நேரம் இருந்தது.

இனி நீங்கள் கேட்காதது. அந்தப் படிவத்தில் கடைக்காரர் நிரப்பும் பகுதியை ஒரு தடவை பாருங்கள். திங்கட்கிழமை, பத்து ஐம்பத்திரண்டு, 'அனுமதி' என்று என் கையெழுத்தில் இருக்கும். தாமதம் என்று எதுவும் வரவில்லை. அன்றைக்கே அவர் அதை எடுத்துப் போயிருக்கலாம். காகிதத்தில் பொய் எழுதினால் கடை உரிமம் போய்விடும், அதனால் காகிதத்தில் உண்மையை எழுதினேன், வாயால் பொய் சொன்னேன். செய்ய வேண்டியதைச் செய்தவன் போல அவரைத் தேற்றவும் செய்தேன். அந்த செக்கைப் பற்றி அவர் வெட்கப்பட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று நாள் அந்த வெட்கத்தோடு இருந்திருப்பார்.

பயிற்சியில் சொன்னபடிதான் தள்ளிப்போட்டேன் என்று நோரீன் அம்மாவிடம் சொல்வதற்காக ஒரு பேச்சை மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். பஸ் ஓட்டியவரை நினைத்துப் பயந்துவிட்டேன், ஓர் உயிரைக் காப்பாற்றத்தான் பார்த்தேன் என்று. கேட்பவர் யாராக இருந்தாலும் நம்பிவிடுவார்கள். நானே சில நாள் நம்பினேன். ஆனால் அந்தத் தாளில் இருப்பதில் ஒன்றுகூடக் கோரினிடம் இல்லை. சாக நினைக்கிறவர் எப்படித் துடைப்பது என்று கேட்பதில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் பெயர் கொடுப்பதில்லை. பதினாறு வருடமாகக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு அது தெரியாதா?

மேலே எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். துப்பாக்கியை நீட்டிப் பிடித்தபோது அவர் சட்டைக் கை மேலேறியது. வலது மணிக்கட்டில் ஒரு பக்கம் நாலு கன்றல், மறுபக்கம் ஒன்று. மஞ்சளாகிக்கொண்டிருந்த விரல் தடங்கள். கைகளைப் பார்த்து அளவு சொல்வது என் தொழில், திரு. பிரிக்ஸ். அந்த விரல்களின் அகலமும் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. நான் அவர் கட்டைவிரலைச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, "இப்ப நல்லா இருக்கு," என்றேன்.

பிறகு ஏன் என்று கேட்பீர்கள். டெரில் சொன்னதை நம்பியதால் இல்லை. அவன் மட்டும் வந்து உட்கார்ந்தான் என்பதால். என்னை மனுஷன் என்று சொன்னான் என்பதால். அந்தக் கடைசி ஸ்டூல் காலியாகிவிடக் கூடாது என்பதற்காக. வேறு காரணம் இருக்கும் என்று எவ்வளவோ தேடிப் பார்த்தேன், இதைவிடப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஒரு பெண்ணின் உயிர் இந்தப் பக்கம், ஒரு கோப்பை காபிக்குத் துணை அந்தப் பக்கம். எழுதிப் பார்த்தால் கை கூசுகிறது, ஆனால் அன்றைக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

டப்பா விஷயமும் இருக்கிறது. கரடி ஸ்ப்ரேயின் கைப்பிடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். அதைக் கழற்றினால்தான் அழுத்த முடியும். வெளியூரிலிருந்து மலையேற வருகிற ஒவ்வொருவருக்கும் அதை எப்படிக் கட்டைவிரலால் தள்ளிக் கழற்றுவது என்று செய்து காட்டி, அவர்களையும் செய்யச் சொல்லி, அப்புறம்தான் விற்பேன். கோரினுக்குக் காட்டவில்லை. அவரை அனுப்பிவிட்டு ஃபோன் செய்ய வேண்டும் என்ற அவசரம். நீங்கள் கொண்டுவந்த பையில் அந்தக் கொக்கி இடம் மாறாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எங்கள் கடைச் சரக்கு என்று சொன்னேன்.

இதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. விற்பதும் விற்காததும் கடைக்காரன் இஷ்டம் என்பார்கள். இருந்தால் சொல்லுங்கள், நான் எங்கும் போகவில்லை. காலை எட்டு மணிக்குக் கடையில்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை சாயங்காலமே கோரின் கடையைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்தார். ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். 'துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத என்னை வெண்டல் ஒரு தடவைகூடக் கேலி செய்யவில்லை. பொறுமையாக என் கைக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். இவரிடம் போனால் பயம் போய்விடும். வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன்.' நோரீன் அம்மா அதை அச்சிட்டு, கல்லாவுக்குப் பின்னால், அந்தப் பயிற்சித் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். கிழித்துப் போட இரண்டு தடவை கை போனது, மனம் வரவில்லை. தினமும் காபி போடும்போது அதைப் படிக்கிறேன். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தத் துப்பாக்கி அவர் கைக்கு மிகச் சரியாகப் பொருந்தியது, அந்த அளவில் அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.